ஆயிரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம்

டாலஸுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் ஆலன் ஊரில் எனக்கு இரண்டு பெயர்கள். ஒன்று பெற்றவர்கள் வைத்தது. மற்றது ‘ரேங்க் ஆன்ட்டி’. ஊருக்குத் தெரிந்தது இரண்டாவதுதான். வடக்கு டாலஸில் பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருக்கிற தமிழ் வீடு எதுவானாலும், ஆகஸ்ட் பிறந்தால் அந்த வீட்டு அம்மாவிடமிருந்து எனக்கு ஃபோன் வந்துவிடும். “அக்கா, அந்த ஷீட்ட எனக்கும் கொஞ்சம் ஷேர் பண்றீங்களா?” என்பார்கள். நானும் பெரிய மனது பண்ணிக் கொடுப்பேன்.

அது என் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காகத் தொடங்கிய எக்செல் ஷீட். உலகப் பட்டியல்கள் வருடத்துக்கு மூன்று நான்கு வருகின்றன அல்லவா, அவை ஒவ்வொன்றிலும் எந்தப் பல்கலைக்கழகம் எத்தனையாவது இடம், இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம், எந்தப் பாடத்துக்குப் பேர் போனது என்றெல்லாம் கட்டம் கட்டமாகப் போட்டிருப்பேன். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு ‘குறிப்பு’. அதை மட்டும் தமிழில் எழுதுவேன், ஒரே ஒரு சொல். ‘அருமை’, ‘நல்லது’, ‘சுமார்’, ‘வேண்டாம்’. எல்லா அம்மாக்களும் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். அதில் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், நாமக்கல் பக்கம் நான் படித்த விடுதிப் பள்ளியைத்தான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை தேர்வு, வியாழக்கிழமை ரேங்க். வெள்ளிக்கிழமை முதல் அந்த ரேங்க் வரிசைப்படிதான் வகுப்பில் உட்கார வேண்டும். நான் பெரும்பாலும் இரண்டாவது பெஞ்சில் இருப்பேன். ஒரு வாரம் காய்ச்சலில் முப்பத்தொன்றாவது ரேங்குக்குப் போய்க் கடைசிக்கு முந்திய பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எனக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்பது தெரிந்தது. கண்ணாடி போட்டார்கள். மனிதர்கள் எங்கே உட்கார வேண்டும் என்று யாரோ ஒருவர் எண் போட்டுச் சொல்லிவிடுவது எனக்கு அப்போதிருந்தே நிம்மதியாக இருந்தது.

இரண்டு வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை காலையில் என் மகள் ஜெர்சி சிட்டியிலிருந்து கூப்பிட்டாள். அங்கே ஒரு வங்கியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறாள்.

“அம்மா, நான் சொல்றத முழுசா கேக்கணும். டென்ஷன் ஆகக் கூடாது.”

இப்படி ஆரம்பித்தால் விஷயம் கல்யாணம்தான் என்பது பெற்றவளுக்குத் தெரியாதா? அதே வங்கியில் வேலை பார்க்கும் பையனாம். ஒரு தீவு நாட்டுக்காரன். நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே பல்கலைக்கழகம் என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான், நாட்டைச் சொன்னால் ஆளையே சொன்னமாதிரி ஆகிவிடும். எங்கள் கவுண்டியில், நம் ஊர்க் கணக்கில் ஒரு மாவட்டத்தில், இருக்கிற ஜனம்கூட அந்த நாட்டில் இல்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் எப்படி, குணம் என்ன, உன்னை நன்றாக வைத்துக்கொள்வானா என்று கேட்டிருக்கலாம். நான் கேட்டது, “எங்க படிச்சான் கண்ணு?”

மாஸ்டர்ஸ் நியூ ஜெர்சியில், அதற்கு முன்னால் அவன் ஊரிலேயே என்றாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தேட ஆரம்பித்தேன். பட்டியலில் மேலே இருப்பவர்களுக்குத்தான் ஆளுக்கு ஒரு எண். கீழே போகப் போக ரேஷன் கடையில் நிற்பது மாதிரி கும்பல் கும்பலாக நிறுத்திவிடுவார்கள். ஆயிரத்தைத் தாண்டிய பிறகு ஒரு கும்பல், அதற்கும் கீழே இன்னொன்று, கடைசியில் எண் போடவே மனசில்லாமல் ‘இதற்கு மேல்’ என்று ஒரு பெருங்கும்பல். அவன் படித்த இடம் அந்தக் கடைசிக் கும்பலில் நின்றது.

“இப்ப செக் பண்றே இல்ல?” என்றாள். “கீபோர்ட் சத்தம் கேக்குதும்மா.”

“சும்மா பாத்தேன்” என்றேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். என் குஞ்சுக்கு வரப்போகிறவனுக்கு மட்டும் எனக்கு எண் தேவைப்பட்டது.

ஃபோனை வைத்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. ஷீட்டைத் திறந்து, ஆகக் கடைசியில் ஒரு வரி சேர்த்து, அந்தத் தீவின் பல்கலைக்கழகத்தைப் போட்டேன். எல்லாக் கட்டங்களையும் ஒழுங்காக நிரப்பினேன். கடைசிக் கட்டத்தில் ‘வேண்டாம்’ என்று எழுதினேன். பையன் மீது கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த எண்ணைப் பார்த்தால் என் விரல் அதைத்தான் எழுதும், அவ்வளவு வருடப் பழக்கம்.

ஷீட்டை அவள் பன்னிரண்டாவது படிக்கும்போது நாங்கள் இருவரும் சேர்ந்துதான் தொடங்கினோம். யார் எதை மாற்றினாலும் இருவருக்கும் மெயில் போகும்படி அன்றைக்கு அவளே வைத்திருந்தாள். அது எனக்கு மறந்தே போய்விட்டது. பத்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டாள்.

“வே, ண், டா, ம்” என்றாள். “எழுத்துக் கூட்டிப் படிச்சேம்மா. இதப் படிக்கத்தானே நைன் இயர்ஸ் சண்டே சண்டே தமிழ் ஸ்கூலுக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போன?”

லைன் கட்டாகிவிட்டது. என் கணவரிடம் போய், “நான் யுனிவர்சிட்டிக்குத்தானுங்க எழுதினேன், பையனுக்கா எழுதினேன்?” என்று நியாயம் கேட்டேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “அந்த யுனிவர்சிட்டியில வேற யாரையாச்சும் அம்மிணிக்குத் தெரியுமா?” என்றார். அவசர அவசரமாகப் போய் அந்த வரியை அழித்தேன். அழித்த செய்தியும் அவளுக்கு மெயிலில் போய்ச் சேர்ந்தது. பட்ட காலிலே படும்.

அதன்பின் ஐந்து வாரம் அவள் கூப்பிடவில்லை. நான் அனுப்பும் செய்திக்கெல்லாம் ஒரு கட்டைவிரல் மட்டும் வரும். சாப்பிட்டியா என்றால் கட்டைவிரல். அங்கே குளிர் அதிகமா என்றால் கட்டைவிரல். ஒற்றைப் பிள்ளை. இவளும் போய்விட்டால் எனக்கு இந்த ஊரில் எக்செல் ஷீட்டைத் தவிர என்ன இருக்கிறது என்று எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. இரண்டு முறை மன்னிப்பு மாதிரி ஏதோ தட்டச்சு செய்து, அனுப்பாமல் அழித்தேன்.

ஆறாவது வாரம் ஒரு செய்தி வந்தது. பையனின் அம்மா மகனைப் பார்க்க வந்திருக்கிறாராம், உங்களைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்கிறாராம், வெள்ளிக்கிழமை மூவரும் டாலஸ் வருகிறோம் என்று எழுதியிருந்தாள். கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி, தயவுசெய்து லேப்டாப்பைத் திறக்காதே என்று. கணவர் அதை வாசித்துவிட்டு லேப்டாப்பை எடுத்துத் துணி அலமாரியில் வைத்தார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே வைத்தார்.

வந்த அம்மாள் பார்ப்பதற்கு ஈரோட்டில் இருக்கும் என் சித்தி மாதிரியே இருந்தார். ஆனால் தமிழ் ஒரு சொல் தெரியாது. அவர் பேசியது ஆங்கிலம், என் காதில் விழுந்தபடி இங்கே தமிழில் சொல்கிறேன். கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. வேலை அந்தப் பல்கலைக்கழகத்தில்தான், அலுவலகப் பக்கம். எத்தனை ஆசிரியர்கள், எத்தனை மாணவர்கள், எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் என்று வருடா வருடம் பட்டியல் போடுகிறவர்களுக்குப் படிவம் நிரப்பி அனுப்புகிறவர் அவர்தான். இதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் நான் இந்தப் பக்கமிருந்து பார்த்த எண்களை, அந்தப் பக்கமிருந்து போடுகிற ஒரு பெண் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இருவரும் சமையலறை மேடை ஓரம் உயரமான நாற்காலிகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகள் அவனோடு பேசினாள், அவன் அம்மாவோடு பேசினாள், என்னிடம் “இன்னொண்ணு போதும்” என்றாள், அவ்வளவுதான். அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“உங்களுக்கு இந்த விஷயங்களெல்லாம் நன்றாகத் தெரியும் என்று மகன் சொன்னான். அதனால்தான் கொண்டுவந்தேன். போன வருடம் நாங்கள் மேலே வந்துவிட்டோம்.”

அந்த நாட்டுப் பத்திரிகையின் முதல் பக்கம். பல்கலைக்கழகம் உலகப் பட்டியலில் கடைசிக் கும்பலிலிருந்து அதற்கு மேல் கும்பலுக்கு ஏறிவிட்டது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அமைச்சர் கேக் வெட்டுகிற படமும் இருந்தது. நான் பார்த்தது பழைய பட்டியலாக இருந்திருக்கிறது. பிள்ளைகளின் மார்க் ஷீட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டிய அம்மாக்கள் எத்தனையோ பேர். ஒரு நாட்டின் மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு இத்தனை ஆயிரம் மைல் ஒருத்தி வந்தது அன்றைக்குத்தான்.

“இன்னமும் ஆயிரத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறோம்” என்றார். “அதற்காக நான் வருந்துகிறேன்.”

என்னிடம் வருத்தம் தெரிவிக்கிறார். முப்பது வருடம் வேலை பார்த்த இடத்துக்காக, மகனைக் கட்டிக்கொள்ளப் போகிறவளின் அம்மாவிடம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ரேங்க் ஆன்ட்டிக்கு ஒரு சந்தேகம் வந்தால் சும்மா இருப்பாளா? அந்த அளவு சின்ன இடம் ஒரே வருடத்தில் அப்படி ஏறாது. ஏதாவது செய்திருந்தால்தான் ஏறும்.

“எப்படி ஏறினீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் செய்தித்தாளை வாங்கி உறைக்குள் திரும்ப வைத்தார். பிறகு சொன்னார்.

அந்த நாட்டுக்குப் பெரிய தீவு ஒன்று, கப்பலில் போகவேண்டிய சின்னத் தீவு ஒன்று. சின்னத் தீவில் பல்கலைக்கழகம் ஒரு நர்ஸிங் டிப்ளமா நடத்தியது. ஆசிரியர்கள் பதினோரு பேர். காலையில் ஆஸ்பத்திரியில் வேலை, மதியம் வகுப்பு. ஒருவரும் ஆய்வுக் கட்டுரை எழுதியதில்லை, எழுத நேரமும் இல்லை. பட்டியல்காரர்கள் கட்டுரைகளை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பார்கள். வெளிநாட்டிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து, இந்தப் பதினோரு பேரைக் கணக்கிலிருந்து எடுத்தால் யாரும் ஒரு வரி கூடுதலாக எழுதாமலேயே எண் ஏறும் என்றார். எடுத்தார்கள். டிப்ளமாவைச் சுகாதாரத் துறைக்கு மாற்றினார்கள். சுகாதாரத் துறை ஒரு வருடம் நடத்திவிட்டு நிறுத்திவிட்டது.

“இப்போது சின்னத் தீவுக்கு வெளிநாட்டிலிருந்து நர்ஸுகள் வருகிறார்கள். நல்ல பெண்கள்தான். ஆனால் அங்கே இருக்கிற கிழவிகளுக்குத் தங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கிறது. அந்தப் பதினோரு பேரின் பெயரை எடுத்துப் படிவத்தைத் திருத்தியது நான்தான். பதினோரு பேரில் ஒருத்தி என் அக்கா.”

அவர் மகன் கையிலிருந்த தோசையைத் தட்டில் வைத்தான். பெரியம்மா ஓய்வு பெற்றுவிட்டார் என்றல்லவா என்னிடம் சொன்னாய் என்று கேட்டான். அப்படிச் சொன்னது தன் அக்காவுக்காக அல்ல, தனக்காக என்றார் அவர். அக்கா தன்னோடு பேசி ஒரு வருடம் ஆகிறதாம்.

“ஏன் செய்தீர்கள்?” என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். மகன் அமெரிக்காவுக்கு வந்து வேலை தேடிய காலத்தில், போன இடத்திலெல்லாம் அது நிஜமான பல்கலைக்கழகம்தானா என்று கேட்டார்களாம். அதை அவன் வேடிக்கையாக ஃபோனில் சொல்லிச் சிரிப்பானாம். “எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில நாடுகள் விசா கொடுக்கும்போதே பட்டியலைப் பார்க்கின்றன. இனி எங்கள் பிள்ளைகளை யாரும் அப்படிக் கேட்கக் கூடாது என்று நினைத்தேன்.”

அந்தப் பட்டியலெல்லாம் வெறும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஊரை விட்டுக் கிளம்புகிறவனுக்கு அது வேண்டும், தெரியாத ஊரில் அவனுக்கு அதுதான் அறிமுகச் சீட்டு. ஊரிலேயே இருக்கிறவனுக்கு வேண்டியது நர்ஸ். பெரிய நாட்டில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. கையளவு நாட்டில் ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்று. கிளம்பிப் போன ஒரு பிள்ளைக்காக, கிளம்பவே முடியாத கிழவிகளிடமிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார் இந்த அம்மாள். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? நானும் அதையேதான் செய்திருப்பேன். கேக்கையும் நானே வெட்டியிருப்பேன்.

மறைத்து வைக்க மனம் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னேன். எனக்கு ஒரு ஷீட் இருப்பதையும், உங்கள் பல்கலைக்கழகத்துக்கு நேராக ஒரு சொல் எழுதியதையும், அதற்கு அப்புறம் அழித்ததையும் சொன்னேன்.

“என்ன சொல்?” என்றார்.

‘வேண்டாம்’ என்றேன். அவருக்குப் புரியவில்லை. என் மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் அர்த்தம் சொன்னாள்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். “சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்” என்றார். “நானும் இவனிடம் அதைத்தான் சொன்னேன். இவன் அப்பா படுக்கையில் இருந்தார், வெளிநாட்டுக்கு அனுப்ப வழி இல்லை. வேறு வழி இல்லாமல்தான் அங்கே சேர்த்தேன்.”

அதற்கு அந்தப் பையன் மெதுவாகச் சொன்னான். வகுப்பில் ஒன்பது பேர்தான் இருந்தோம், கணக்கு வாத்தியாருக்கு யார் மதியம் சாப்பிடவில்லை என்பதுகூடத் தெரியும், நான் அங்கே சந்தோஷமாகத்தான் இருந்தேன், நீ ஒருநாளும் கேட்கவே இல்லையே அம்மா என்றான். பிறகு எழுந்து போய் அவர் தோளில் கை வைத்து, வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று கூட்டிப்போனான். என் கணவரும் வழி காட்டுகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போனார். நேராகப் போகிற தெருவில் என்ன வழியோ. இவருக்குச் சில சமயம் நல்ல புத்தி இருக்கிறது.

நானும் மகளும் மட்டும் இருந்தோம். நான் பாத்திரங்களை எடுத்து சிங்க்கில் போட்டேன். அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன், போகவில்லை.

“அம்மா, ஷீட்ல என் காலேஜுக்கு நீ என்ன எழுதின?” என்று கேட்டாள்.

நான் குழாயைத் திறந்தேன்.

“எம்ப்டி” என்றாள். “எல்லா ரோவுலயும் ஏதாச்சும் ஒண்ணு இருக்கும். அட்லீஸ்ட் வேண்டாம்னாவது இருக்கும். நான் போன காலேஜுக்கு மட்டும் நீ ஒண்ணுமே எழுதல. அட்மிஷன் வந்த வாரம் டெய்லி ஓப்பன் பண்ணிப் பாப்பேன். நீ ஏதாச்சும் எழுதுவேன்னு வெயிட் பண்ணேன்.”

அது உண்மைதான். அவள் ஆசைப்பட்ட இடங்களெல்லாம் கைவிட்டுப் போய், ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில்தான் இடம் கிடைத்தது. நான் வைத்த அளவுகோல்படி அதற்கு ‘சுமார்’ என்று எழுத வேண்டும். என் பிள்ளை போகிற இடத்துக்கு அதை எழுத எனக்குக் கை வரவில்லை. ‘நல்லது’ என்று எழுதினால் நாளைக்கு நாலு பேர் சிரிப்பார்கள். அதனால் விட்டுவிட்டேன். விட்டதை அவள் மேல் இருக்கிற பாசம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

“வெக்கமா இருந்துச்சாம்மா?” என்றாள்.

“இல்ல சாமி. உன்ன நெனச்சு நான் ஒருநாளும் வெக்கப்படல. பயந்தேன். யாராச்சும் உன்ன ஒரு மாத்துக் கொறவா நெனச்சிருவாங்களோன்னு பயமா இருந்துச்சு.”

“அப்ப எனக்கு செவன்டீன்மா” என்றாள். “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது.”

எங்கள் வீடுகளில் பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் கிடையாது. அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். “சாரி கண்ணு” என்றேன். அழுகை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, ஏழு வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்காததைக் கேட்டேன்.

“அந்த காலேஜ்ல நீ சந்தோஷமா இருந்தியா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

“ஃபர்ஸ்ட் இயர்ல இல்லம்மா” என்றாள்.